நாலாவது ஹாரன்

பனி இறங்கும் மாதங்களில் எங்கள் ஊரில் ஆறு இருப்பதே தெரியாது. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருமுனைத் தையல்கடை வரைக்கும் உலகம் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் எங்கேயோ படகு வந்துகொண்டிருக்கிறது என்பதை ஹாரன் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். நாலு குழல் ஒன்றாக ஊதும். ஊதிவிட்டு, தூக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல வந்து பாதியில் மறந்துவிட்ட மாதிரி நின்றுபோகும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிடும்.

அந்த ஹாரனைப் பூட்டியவர் என் அக்கா புருஷன். படகுக் கம்பெனிப் பட்டறையில் ஃபிட்டர். ஹாரன்காரர் வீடு என்று கேட்டால்தான் தெருவில் வழி சொல்வார்கள். நான் மாமா என்று கூப்பிடுவேன். கீழ் வீட்டில் அவரும் அக்காவும், மாடியில் நானும் என் கீபோர்டு வகுப்பும். எனக்கும் கல்யாணம் என்று ஒன்று நடந்து, முடிந்தும் போய்விட்டது. அதைப் பற்றி விசாரிப்பவர்களின் பிள்ளைகளை நான் வகுப்பில் சேர்த்துக்கொள்வதில்லை. வீட்டின் நாலாவது ஆள் அவர்களுடைய ஒரே மகள். குருவி என்று கூப்பிடுவோம். நான் சொல்லப்போகிற பனிக்காலத்தில் அவள் வீட்டில் இல்லை.

மாமாவைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் அவர் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாரன் குழலின் வாய் ஒரு அண்டா அகலம் இருக்கும். பின்பக்கம் மெல்லிய தகடு ஒன்று, அதை இறுக்க ஒரு நட்டு. நட்டை முடுக்கினால் சத்தம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். மாமா கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையைக் குழல் வாயில் காட்டி, மறு கையால் ஸ்பேனரைத் திருப்புவார். தூங்கும் குழந்தைக்குத் தலையணை சரிசெய்கிற மாதிரிதான் இருக்கும். கம்பெனி கொடுத்த சுதி மீட்டரின் முள் நடுவில் வந்து நிற்கும். கண்ணைத் திறந்து பார்த்து, பரவாயில்லை, மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல் தலையாட்டுவார்.

இப்படி ஒவ்வொன்றாகச் சுதி சேர்ப்பார். மூன்று குழல் மூன்று சுரம். நாலாவது, முதலாவதின் சத்தத்தையே ஒரு மாடி மேலே போய் ஊதும். கடைசியில் நாலையும் ஒன்றாக ஊதிப் பார்க்கும்போது பட்டறையில் எல்லோரும் காதுமூடி மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். மாட்டாமல் வீராப்புக் காட்டிய பழைய ஃபிட்டர்கள் இன்று தங்கள் வீட்டு டி.வி.யைத் தெரு முழுக்கக் கேட்கும்படி வைத்திருக்கிறார்கள். அதனால் தன் ஹாரன் நாலும் சேர்ந்து ஊதுவதை மாமா பக்கத்தில் நின்று வெறும் காதால் கேட்டதே இல்லை. தூரத்தில் ஆற்றிலிருந்து வரும்போதும் அவர் காது, அவர் முடுக்கிய நட்டுகளைத்தான் கேட்டது.

குருவி ஹாரனைக் கேட்டாள். இடுப்பில் தூக்கிவைத்து அக்கா சோறு ஊட்டுகிற வயசிலேயே, ஹாரன் நின்றதும் இவள் வாயைத் திறந்து “ஈ” என்று மெல்லிசாக ஒரு சத்தம் கொடுப்பாள். ஹாரனின் உச்சிக்கு ஒரு மயிரிழை மேலே. ஏதோ ஒரு வேலை முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். அவளும் அடுத்த வாய் வாங்கிக்கொள்வாள். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பல் தேய்க்கும்போது ஹாரன் கேட்டால் நுரையோடு பாடுவாள். தன் பெண் தன் ஹாரனுக்குப் பின்பாட்டுப் பாடுகிறாள் என்று மாமா ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்ததும் அலையாய் அலைந்து அதே கம்பெனி ஆபீஸில் அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். அங்கேதான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. தலைமை ஆபீஸிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். குழல்களை ஒவ்வொன்றாக ஊதச் சொன்னார். நாலு தடவையும் முள் நடுவில் நின்றது. மாமாவின் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது. ஓரமாக நின்றிருந்த குருவி, யாரும் கேட்காமலே வாயைத் திறந்தாள்.

“ஒண்ணொண்ணா ஊதினா சரியாத்தான் சார் இருக்கும். சேர்த்து ஊதிப் பாருங்க, நாலாவது இறங்கிடும்.”

எனக்கு அவளைத் தெரியும். தனக்குப் பிடித்த ஒன்றை ஒரு பெரிய மனுஷருக்குக் காட்டுகிற ஆசையில் சொல்லியிருக்கிறாள். அதுதான் சார் இதில் அழகு என்று அடுத்து சொல்ல வந்தாளாம். அதற்குள் சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெற்ற பெண்ணே போட்டுக்கொடுக்கிறதே ஃபிட்டர் என்று இன்ஸ்பெக்டரும் சிரித்தார். சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் சேர்த்து ஊதிப் பார்க்காமலே போய்விட்டார்.

மாமா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நாலு பேர் முன்னால் அப்பனைத் தலைகுனிய வைத்தவள் இனி இந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றார். ஒரே ஒரு தடவை சேர்த்து ஊதும்போது கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், நான் சொன்னது தப்பென்றால் போகிறேன் என்றாள் குருவி. என் ஹாரனை எனக்குத் தெரியும் என்றார் இவர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர், அவருக்குப் பிறந்தவள் மட்டும் எப்படி இருப்பாள்? பையை எடுத்துக்கொண்டு படகேறிப் போய்விட்டாள். அக்கரைத் துறையை ஒட்டி ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே மாவு பிசையும் வேலையில் சேர்ந்தாள். நான் குறுக்கே போய், அவள் சொன்னது நிஜம்தான் மாமா என்றேன். நீ உன் பெட்டியை வாசி, போதும் என்றார். நானும் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்தாரா என்பது சந்தேகம்.

வருஷம் ஒன்று ஓடியது. அக்காவும் நானும் வாராவாரம் ஒரு மத்தியானம் கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் படகேறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவோம். திரும்பும்போது ஒரு பை நிறைய பன் இருக்கும். எந்தக் கண் ஆஸ்பத்திரியில் பன் கொடுக்கிறார்கள் என்று மாமா ஒரு நாளும் கேட்டதில்லை. தட்டில் வைத்தால் சாப்பிடுவார். விரலால் துகள்களைத் தொட்டுத் தொட்டு எடுத்து, தட்டைத் துடைத்த மாதிரி ஆக்கிவிட்டு எழுந்து போவார். வாய் மட்டும் அவள் பேரை எடுக்காது.

அடுத்த பனிக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கீழ் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தார். பனி கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையா சாயங்காலமா என்று சொல்ல முடியாத வெளிச்சம். சுவர்க்கடிகாரத்தை நம்பித்தான் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள் அக்கா. அப்படி ஒரு பொழுதில் ஆற்றில் ஹாரன் ஊதி நின்றது. தூக்கமும் விழிப்பும் இல்லாத இடத்தில் கிடந்த மாமா கண்ணைத் திறந்து, “பாப்பா சாப்பிட்டாளா?” என்று கேட்டிருக்கிறார். அக்கா மாடிக்கு ஏறி வந்து, என் கீபோர்டு மேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். எல்லாக் கட்டைகளும் சேர்ந்து கத்தின. எனக்கும் அழுகை வந்தது.

காய்ச்சல் விட்ட மறுநாள் மத்தியானம், போர்வையோடு மாமா மாடியேறி வந்தார். வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். காரியம் ஆக வேண்டியிருந்தால் மட்டும் என்னை டீச்சர் என்பார்.

“டீச்சர், ஒரு சந்தேகம். நாலாவது குழலை நான் உச்சியில கொண்டுபோய் முடிச்சிருக்கேன். முடிஞ்ச இடத்துக்கு மேல அவளுக்கு எப்படி இடம் இருந்துச்சு?”

காய்ச்சலில் கிடந்தபோது குழந்தைக் குரல் அவருக்குக் கேட்டிருக்கிறது. ஹாரன் வந்தது, பிறகு அந்த “ஈ” வந்தது, அது ஹாரனுக்கு மேலே இருந்தது. முழித்த பிறகும் அந்தக் கணக்கு அவரை விடவில்லை. ஒரு வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி இது. நாலு வார்த்தை குத்தலாகக் கேட்கலாமா என்று நினைத்தேன். அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

கீபோர்டில் அடி சாவை அழுத்தினேன். அதோடு சின்ன கா, அதோடு பா. இது மைனர் என்றேன். ஜன்னலோரமாக ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு சத்தம்; சோகம்தான், ஆனால் பழகிய சோகம். அதற்கு உச்சியில் மேல் சாவை வைத்தேன். இதுதான் நீங்கள் பட்டறையில் பூட்டியது என்றேன். மாமா திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு உச்சியிலிருந்த விரலை மட்டும் ஒரே ஒரு கட்டை கீழே, நியில் இறக்கினேன். சேர்ந்து ஊதும்போது ஆற்றில் கேட்பது இது என்றேன்.

அறைக்குள் பனி வந்த மாதிரி இருந்தது. அடியில் அதே சோகம் அப்படியே உட்கார்ந்திருந்தது. மேலே நி மட்டும் எதற்கோ பளிச்சென்று விழித்துக்கொண்டு நின்றது. மாமாவின் முகம் சுருங்கியது.

“இது தப்பு.”

“தப்பு இல்ல மாமா. இதுக்குப் பேரே இருக்கு. மைனர் மேஜர் செவன்த்.”

சின்னவன் பெரியவன் ஏழாவது ஆள் என்று பேரே பாகப்பிரிவினை மாதிரி இருக்கிறதே என்றார். அதுவும் சரிதான் என்றேன். கீழே இருக்கும் மூன்றும் மைனர் வீட்டுப் பிள்ளைகள். மேலே நிற்கும் நி மேஜர் வீட்டில் வளர்ந்தது. சின்ன நியைப் போட்டால் அதுவும் இவர்களோடு சேர்ந்து அடங்கி உட்கார்ந்துவிடும். யாருக்கும் தொந்தரவு இல்லை. இது பெரிய நி. அடங்காது. வீட்டுக்கு, அதாவது மேல் சாவுக்கு, ஒரே ஒரு கட்டை கீழே, வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே நுழையவில்லை. கேட்கிறவனுக்கு உள்ளே வா என்று கையைப் பிடித்து இழுக்கலாம் போல இருக்கும். குருவி சின்ன வயசிலிருந்து செய்தது அதைத்தான். அவள் பாடின “ஈ”தான் மேல் சா.

பிறகு அடி சாவிலிருந்து மட்டும் விரலை எடுத்தேன். மிச்சம் இருந்த மூன்றும் ஒன்றுக்கொன்று சம தூரத்தில், மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் மிதந்தன. எது வீடு என்றே தெரியவில்லை. திரும்ப அடி சாவை வைத்ததும் எல்லாம் தரைக்கு வந்து, கனத்தது. மாமா அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். கடைசியில், அடியில் இருப்பதுதான் அப்பன் என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன்.

அந்தப் பனிக்கால மத்தியானங்கள் எனக்கு ஒரே நீளமான மத்தியானமாகத்தான் ஞாபகம் இருக்கின்றன. பட்டறை முடிந்து நேரே மாடிக்கு வருவார். ஒரு தடித்த விரல் இரண்டு கட்டையைச் சேர்த்து மிதிக்கும். ஜன்னலில் வெள்ளை நகரும். நான் மூன்று சுரத்தைப் பிடித்துக்கொள்வேன். அவர் நாலாவதை வாயால் பாட வேண்டும். பாடி, நியில் நிற்க வேண்டும். அதுதான் அவருக்கு வரவில்லை. நியில் தொடங்குவார், மூச்சு போகப் போகக் குரல் தானாக நழுவி மேல் சாவில் போய் ஏறிக்கொள்ளும். நில்லுங்கள் மாமா, ஏறாதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்துவேன். நிற்க முடியவில்லை, அங்கே நின்றால் நெஞ்சை என்னவோ செய்கிறது என்பார். ஸ்பேனரால் மயிரிழை அளக்கும் மனுஷருக்குத் தன் குரலை ஒரு கட்டை கீழே நிறுத்தத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஒரு நாள் கட்டையை அழுத்திக்கொண்டே, எனக்கல்ல, கட்டைக்குச் சொல்கிற மாதிரி சொன்னார். நாலு குழலுக்கும் ஒரே காற்றுக் குழாய். கடைசியில் இருப்பது நாலாவது. தனியாக ஊதும்போது மொத்தக் காற்றும் அதற்குத்தான். முள் நடுவில் நிற்கிறது. சேர்ந்து ஊதும்போது பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவன் கதி. மிச்சக் காற்றுதான் கிடைக்கும், சத்தம் இறங்கும். இவ்வளவு வருஷம் இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்றார். பிறகு கட்டையிலிருந்து கையை எடுத்தார்.

“தனித்தனியா எல்லாரும் சரியாத்தாம்மா இருக்கோம்.”

பனியைப் பார்த்தபடி, அடியில் இருப்பது நான் இல்லை, வாசலில் நிற்கிறவன்தான் நான் என்றார். ஒரு எட்டு வைத்தால் போதும், வைக்க வரவில்லை என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்க்காத மாதிரி நான் வயரைச் சுற்றினேன்.

அதோடு நின்றிருந்தால் அவர் மாமாவே இல்லை. நாளைக்கே அக்கரைக்குப் போகிறேன், அதற்கு முன்னால் நாலாவதின் நட்டைக் கொஞ்சம் ஏற்றி முடுக்கிவிட்டால் சேர்ந்து ஊதும்போதும் சரியாகிவிடும், சரிசெய்துவிட்டுத்தான் அவள் முகத்தில் முழிப்பேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் பாடுகிற இடத்தையே அடைத்துவிட்டு அவளிடம் போய் என்ன சொல்வீர்கள் என்று சண்டைக்குப் போனேன்.

“தப்புன்னு ஒத்துக்கிறவன் தப்பை அப்படியே வச்சுக்கிட்டா போவான்?” என்றார். ஃபிட்டருக்குத் தெரிந்த மன்னிப்பு அது ஒன்றுதான்.

காலையில் ஸ்பேனரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். தான் வந்தால் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவோம் என்று அக்கா வாசலோடு நின்றுவிட்டாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டார். காதுமூடி ஆணியிலேயே தொங்கியது.

படகு கிளம்பியதும் இக்கரை போய்விட்டது. அக்கரை இன்னும் வரவில்லை. தண்ணீர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. அடியில் அது நகர்கிற சத்தம் மட்டும் இருந்தது. தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி படகு ஆடி ஆடிப் போனது. மாமா டிரைவர் அறையின் கூரைக்கு ஏறும் ஏணியில் ஏறி, ஹாரன் பக்கத்தில் நின்றார். கீழிருந்து பார்த்தால் அவர் பாதி பனியாக இருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் ஸ்பேனர் இருந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. இவர் நட்டைத் தொட்டுவிட்டால் குருவி இனி என்ன பாடுவாள்?

நட்டில் ஸ்பேனரை வைத்த நேரத்தில் டிரைவர் ஹாரனை அழுத்திவிட்டார். அத்தனை பக்கத்தில், வெறும் காதோடு, மாமா தன் ஹாரனைக் கேட்டார். அந்தச் சத்தம் என் பல் வரைக்கும் வந்தது. மூன்று குழல் கீழே கனமாக உட்கார, நாலாவது வாசலில் நின்றது. அப்புறம் சத்தம் அறுந்து, பனி பழையபடி மூடிக்கொண்டது.

அந்த அமைதிக்குள், முன்னால், கண்ணுக்குத் தெரியாத கரையிலிருந்து ஒரு குரல் வந்தது. “ஈ” என்று, மெல்லிசாக, ஒரு மயிரிழை மேலே. ஏதோ ஒரு வேலை முடிந்துவிட்ட மாதிரி இருந்தது.

மாமா அசையவில்லை. கயிற்றோடு முன்பக்கம் வந்த படகு ஆள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பேக்கரி அக்கா. தினம் காலையில ஷட்டரைத் திறந்துட்டு நிப்பாங்க” என்றார். இப்போதெல்லாம் பனி நாளில் ஹாரன் ஊதுவதே அந்தக் குரலுக்காகத்தானாம். அது வருகிற திசையை வைத்துத்தான் துறை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் படகைத் திருப்புவார்களாம். அந்த ஒரு வருஷமும் நடந்தது இதுதான். அவர் இங்கே சுதி சேர்த்து அனுப்பியதை அவள் அங்கே தினமும் முடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, கல்லுளிமங்கி.

மாமா இறங்கி வந்தபோது ஸ்பேனர் பைக்குள் போயிருந்தது.

பேக்கரிக்கு ஒரே ஒரு படிதான். குருவி மாவுக் கையோடு உள்ளே நின்றாள். இவர் படிக்குக் கீழே நின்றார். அவள் அப்பாவைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், பையின் கனத்தைப் பார்த்தாள். ஃபிட்டர் வீட்டுப் பெண்ணுக்குப் பையில் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

“நாலாவது இறங்குதும்மா” என்றார் மாமா. “சேர்த்து ஊதினா இறங்குது. நீ சொன்னதுதான் சரி.”

அவள் மறுபடி பையைப் பார்த்தாள்.

“சரி பண்ணிட்டீங்களாப்பா?”

“இல்லை.”

“பண்ணாதீங்க” என்றாள். பிறகு, அடுப்புச் சூடு உள்ளேதான் இருக்கிறது, வெளியே நின்றால் திரும்பக் காய்ச்சல் வரும் என்று அதட்டினாள். அவள் தன் வீட்டுப் படி ஏறக் கூடாது என்று சொன்ன மனுஷர், அவள் கடைப் படியை ஏறினார். மாவுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அவர் தோளிலேயே வைத்துவிட்டாள். சட்டையில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தது. அந்தச் சட்டையை அக்கா இன்னும் துவைக்கவில்லை.

உள்ளே அடுப்போரமாக மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு சூடான பன் கையில் இருந்தது. வெளியே படகு திரும்பப் புறப்பட்டு, பனிக்குள்ளிருந்து ஹாரன் ஊதி நின்றது. குருவி வழக்கம்போல வாயைத் திறந்தாள். திறந்தவள் மூடிக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

மாமா கையிலிருந்த பன்னைக் கீழே வைத்தார். கரகரத்த குரலில் நியில் தொடங்கினார், மூச்சு போகப் போகக் குரல் நழுவி மேல் சாவில் போய் ஏறிக்கொண்டது. இந்தத் தடவை நான் அவரைத் திருத்தவில்லை.